தேவன் முன்னறிந்திருந்தும் அலை ஏன் வந்தது?

2004 டிசம்பர் 26 அன்று கடலோரக் கிராமம் ஒன்றில் தம் இரண்டு பிள்ளைகளையும் சுனாமிக்குப் பறிகொடுத்த ஒரு தாய், ஆண்டுதோறும் அந்த நாளில் சபையில் நடைபெறும் நினைவு ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒருமுறை அந்த ஆராதனையில் ஒருவர் எழுந்து, கரைக்குப் போகவேண்டாம் என்று அன்று காலையில் கர்த்தர் தம்மை உள்ளத்தில் தடுத்ததாகச் சாட்சி சொன்னதே அதற்குக் காரணம். அவரைத் தடுத்தவர் என் பிள்ளைகளை ஏன் தடுக்கவில்லை என்று அந்தத் தாய் கேட்கிறார். அவருடைய தம்பியாகிய நீங்கள் அந்தக் கேள்வியை மூன்றாக விரித்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்: நடக்கப்போவதைத் தேவன் அறிந்திருந்தார் என்றால் அவரைப் பற்றி என்ன சொல்வது, பிழைத்தவரின் சாட்சியை ஏற்கலாமா, இனி வழிநடத்துதலுக்காக ஜெபிப்பதில் பொருள் உண்டா.

சாட்சியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அக்காவைக் காயப்படுத்தியது முன்னறிவு பற்றிய கோட்பாடு அன்று, ஒரு மனிதர் சபை நடுவே சொன்ன வார்த்தை.

அன்று இந்திய நேரப்படி காலை ஏறத்தாழ 6.29 மணிக்குச் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், 9.1 என்று அளவிடப்பட்ட நிலநடுக்கம் நேர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து அலைகள் நம் கரையை அடைந்தன. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர், அவர்களில் பெரும்பான்மையோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் இருந்த பக்தர்கள் பிழைத்தார்கள், கடற்கரையில் இருந்தவர்களோ நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். இதைச் சொல்லி, ஆலயத்தில் இருந்தவர்களைத் தேவன் காத்தார் என்று பலர் பேசினார்கள். அதே காலையில் இலங்கையின் தென்கரையில் உள்ள மாத்தறையில், மாதா ஆலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோதே அலை உள்ளே புகுந்து, முழங்காலில் நின்றவர்களையும் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணியை வைத்து ஒரு முடிவுக்கு வருகிறவர் மாத்தறையையும் அருகில் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். ஆலயத்துக்குள் இருந்ததால் காக்கப்பட்டார்கள் என்பதை விதியாக்கினால், மாத்தறையில் மாண்டவர்கள் எதனால் கைவிடப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லத் துணிகிறவர் அந்தக் குடும்பங்களுக்கு இரண்டாவது முறையாகத் தீங்கு செய்கிறார்.

அன்றைய ஞாயிறு, கத்தோலிக்கத் திருச்சபையின் ஆண்டு ஒழுங்கில் திருக்குடும்பத் திருவிழா. அந்த ஆண்டுக்கு உரிய நற்செய்தி வாசகம் மத்தேயு 2ஆம் அதிகாரம். தேவதூதன் கனவில் எச்சரிக்க, யோசேப்பு இரவோடு இரவாக எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பிச் செல்லும் பகுதி அது. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த எச்சரிக்கையைப் பற்றிய வாசகம் அந்தக் காலையிலா வாசிக்கப்படவேண்டும் என்று நான் பலமுறை நினைத்து நெஞ்சு கனத்திருக்கிறேன். வழிபாட்டில் 13 முதல் 15 வரையும் 19 முதல் 23 வரையும் உள்ள வசனங்களே அன்று வாசிக்கப்படுகின்றன. இடையில் விடப்படும் 16, 17, 18ஆம் வசனங்களில்தான் பெத்லகேமின் குழந்தைகள் ஏரோதின் ஆட்களால் கொல்லப்படுகிறார்கள்.

உங்கள் அக்காவின் கேள்வி அந்த மூன்று வசனங்களுக்குள் இருக்கிறது. யோசேப்புக்கு வந்த தூதன் அடுத்த வீட்டுத் தகப்பனுக்கு ஏன் வரவில்லை? மத்தேயு இந்தக் கேள்வியை மூடி மறைக்கவில்லை. எச்சரிக்கை பெற்ற குடும்பத்தையும் பெறாத குடும்பங்களையும் ஒரே மூச்சில் எழுதுகிறார். கொல்லப்பட்டவர்களின் பெற்றோர் விசுவாசத்தில் குறைவுபட்டவர்கள் என்றோ, யோசேப்பைப்போல் செவிகொடுக்கத் தவறியவர்கள் என்றோ ஒரு சொல்லும் அங்கே இல்லை. அவர்களுக்காக அவர் எடுத்து வைப்பது எரேமியாவின் வார்த்தைகளை: "ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்." ஆறுதல் அடைய மறுக்கும் தாயின் அழுகையை வேதம் வேதமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதைத் திருத்தவில்லை. பெத்லகேமில் நடந்தது ஒரு கொடுங்கோலன் செய்த கொலை, கடல் செய்ததோ வேறு என்று நீங்கள் சொல்லலாம். அது சரியே. ஆனால் ஒருவருக்குத் தெரிவிக்கப்பட்டு மற்றவர்களுக்குத் தெரிவிக்கப்படாத வேதனை இரண்டிலும் ஒன்றுதான்.

எகிப்துக்குத் தப்பிய அந்தப் பிள்ளையும் கடைசிவரை தப்புவிக்கப்படவில்லை. அவர் வளர்ந்து, கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கெஞ்சியும் நீங்காமல், சிலுவையில் மரித்தார். பெத்லகேமில் அவர் காக்கப்பட்டது மற்றப் பிள்ளைகளைவிட அருமையானவர் என்பதால் அன்று; பின்னாளில் அவர்களோடும் அவர்களுக்காகவும் சாகும்படியே காக்கப்பட்டார் என்று கிறிஸ்தவ விசுவாசம் படிக்கிறது. இழந்தவர்களுக்கு நான் சொல்லத் துணிகிற ஒரே விளக்கம் இதுதான். இது விளக்கம்கூட அன்று. தேவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டும் அடையாளம் மட்டுமே.

இதை வைத்துப் பார்த்தால், பிழைத்தவருடைய சாட்சியில் எது சரி, எது மீறல் என்பது தெளிவாகும். உயிரோடு எழுந்த ஒவ்வொரு காலையும் கர்த்தருடைய கிருபை என்று விசுவாசிக்கிறவர், அந்தக் காலைக்காகவும் நன்றி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தம் உள்ளத்தில் எழுந்த தயக்கத்தைக் கர்த்தரின் தடுத்தல் என்று அவர் நன்றியோடு எண்ணுவதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் தாம் காக்கப்பட்டதற்குத் தம்மிடம் இருந்த ஏதோ ஒன்று காரணம் என்ற தொனி வந்த மாத்திரத்தில் நன்றி தீர்ப்பாகிவிடுகிறது. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார், பேதுருவோ சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். இருவரும் ஒரே ஆண்டவரின் சீஷர்கள், சபை இருவரையும் நேசித்தது. பேதுரு வெளியே வந்து தம் விடுதலையை அறிவித்த வேளையில், யாக்கோபின் வீட்டாரும் அதே ஊரில் இருந்திருப்பார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சாட்சி சொல்ல எழுகிறவர், பிள்ளையை இழந்தவர் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பேசவேண்டும்; அவரும் சேர்ந்து ஆமென் சொல்லக்கூடிய வார்த்தைகளை மட்டுமே சபை நடுவே சொல்லவேண்டும். இதைப் பிரசங்க பீடத்திலிருந்து கற்பிப்பது போதகர்களின் கடமை. கற்பிக்கத் தவறியதால்தான் உங்கள் அக்கா வெளியேறினார் என்று நான் நினைக்கிறேன்.

சுனாமிக்குப் பின்வந்த வாரங்களில், மாண்டவர்களின் பாவத்தையும் விக்கிரக வணக்கத்தையும் சொல்லி அழிவை விளக்கிய பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1755 நவம்பர் 1 அன்று, சகல பரிசுத்தவான்களின் திருநாளில், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரின் ஆலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் அதிர்ந்தது. கட்டடங்கள் மக்கள்மேல் இடிந்து விழுந்தன; திறந்த வெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை அலை கொண்டுபோயிற்று; எஞ்சிய நகரைத் தீ பல நாட்கள் எரித்தது. கபிரியேல் மலக்ரிதா என்ற இயேசு சபைத் துறவி, இது நகரத்தின் பாவங்களுக்கு வந்த தண்டனை என்றும், இயற்கைக் காரணம் தேடுவது தவறு என்றும் எழுதினார். வேறு நாடுகளில் இருந்த புரொட்டஸ்டண்டுகளோ, மாற்றுக் கருத்துடையோரைத் தண்டித்த கத்தோலிக்க விசாரணை மன்றத்தின் கொடுமைக்கு வந்த தண்டனை என்றார்கள். ஒரே இடிபாட்டில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடிக்காதவர்களின் பாவத்தையே கண்டார்கள். தண்டனை என்று சொல்லும் வாய், இடிபாட்டைவிடச் சொல்பவரின் பகையையே அதிகம் வெளிப்படுத்துகிறது.

ஆண்டவரே இந்த வாசலை அடைத்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தியை அவரே எடுத்து, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று பதிலளித்தார். அதைத் தொடர்ந்து அவர் மனந்திரும்பச் சொன்னது, கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, மாண்டவர்களை நோக்கியன்று. யோபின் நண்பர்கள் தேவனுக்காக வாதாடி, துன்பத்துக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தார்கள். முடிவில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய் பேசவில்லை" என்றார். யோபு பேசியதில் பெரும்பகுதி முறையீடு என்பதை நினைவில் வையுங்கள்.

இனி முன்னறிவு. தேவன் அறிந்திருந்தார் என்பதை மழுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எதிர்காலம் இன்னும் திறந்தே இருக்கிறது, ஆகவே தேவனும் அதை முழுமையாக அறியமாட்டார் என்று போதிக்கும் இறையியலாளர்கள் நம் காலத்தில் இருக்கிறார்கள். தேவனை இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தை அதில் காண்கிறேன். ஆனால் கடலடியில் புவித் தட்டுகளுக்கு இடையே பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்த அழுத்தம் எவருடைய சுதந்திரத் தீர்மானமும் அன்று. அதைக்கூட அறியாத ஒருவரிடம் மரணப் படுக்கையில் எப்படி நம்மை ஒப்புக்கொடுப்பது? ஆகவே சபை தொன்றுதொட்டு அறிக்கையிட்டு வந்ததையே நானும் சொல்கிறேன்: அவர் அறிந்திருந்தார்.

ஆனால் அறிதல் என்பது எழுதிவைத்தல் அன்று. நம் ஊரில் முன்னறிவு என்றவுடன் தலையெழுத்து என்று கேட்டுப் பழகிவிட்டோம், கிறிஸ்தவர்களும் அதற்கு விலக்கல்ல. கிரகண நேரத்தைப் பஞ்சாங்கத்தில் குறித்தவர் கிரகணத்தை உண்டாக்கவில்லை. அதுபோல் முன்னதாக அறிவது ஒன்று, நடப்பிப்பது வேறொன்று என்று 5ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் வாதிட்டார். உவமை என்னுடையது, வாதம் அவருடையது. இந்த உவமை பாதி வழி மட்டுமே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சாங்கம் கணித்தவர் கிரகணத்தை நிறுத்த முடியாது, தேவனோ நிறுத்த வல்லவர். ஆகவே முன்னறிவு குற்றமன்று என்று நிரூபித்தபின்பும், ஏன் அனுமதித்தார் என்ற கேள்வி அப்படியே மிஞ்சுகிறது. அதற்கு என்னிடம் விடை இல்லை, வேதத்திலும் பொதுவான விடை தரப்படவில்லை. தரப்பட்டிருப்பதுபோல் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முன்னறிவு தலையெழுத்து அன்று என்பதற்கு 1 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தாவீது கேகிலாவில் தங்கியிருக்கும்போது, சவுல் வருவானோ என்று கேட்கிறான். வருவான் என்கிறார் கர்த்தர். ஊரார் என்னைக் காட்டிக்கொடுப்பார்களோ என்கிறான், காட்டிக்கொடுப்பார்கள் என்கிறார். உடனே தாவீது தன் ஆட்களோடு ஊரைவிட்டு வெளியேறுகிறான், சவுல் புறப்படாமல் நின்றுவிடுகிறான், காட்டிக்கொடுத்தலும் நடக்கவில்லை. கர்த்தர் சொன்னது பொய்த்துப்போனது என்று எவரும் அதைப் படிப்பதில்லை. முன்னறிவிப்பு தாவீதின் கால்களை எழுப்பி நடக்கவைத்தது, அதற்காகவே அது கொடுக்கப்பட்டது.

முன்னறிவைப் பற்றி என் மனத்தை ஆழமாகத் தொடும் பகுதி யோவான் 11. லாசரு மரித்துப்போனான் என்று இயேசு அறிவார், அவனை எழுப்பப்போவதையும் அறிவார், அறிந்தே இரண்டு நாள் தாமதித்தார். மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. சுற்றி நின்றவர்கள், குருடனின் கண்களைத் திறந்தவர் இவனைச் சாகாமல் காக்கக்கூடாதா என்று முணுமுணுத்தார்கள்; சுவிசேஷகர் அதையும் எழுதிவைத்தார். அடுத்த சில நிமிடங்களில் நடக்கப்போவதை முழுவதும் அறிந்திருந்தும் அவர் அழுதார். உங்கள் அக்காவின் பிள்ளைகள் லாசருவைப்போல் அன்று மாலையே எழுந்து வரவில்லை; இந்த வேறுபாட்டை மறைத்து அவருக்கு ஆறுதல் சொல்லக்கூடாது. உயிர்த்தெழுதல் உண்டு என்று நான் விசுவாசிக்கிறேன். ஆனால் அதை அழுகையை நிறுத்தச் சொல்லும் கட்டளையாக அவரிடம் கொண்டுபோகாதீர்கள். அவர் ஆராதனைக்கு வராவிட்டால், சபையில் விவேகமுள்ள இரண்டு மூன்று பெண்கள் அவர் வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து, அவர் பேச விரும்பினால் கேட்டுவிட்டு வரட்டும்.

மூன்றாவது கேள்விக்கு அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம் நேரான பதில் தருகிறது. கைதியாகிய பவுல் கப்பலில் ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிறார். பருவம் தவறிவிட்டது, நல்ல துறைமுகம் என்ற இடத்தில், பயணத்தைத் தொடர்ந்தால் சரக்குக்கும் கப்பலுக்கும் உயிர்களுக்கும் சேதம் வரும் என்று பவுல் சொல்கிறார். நூற்றுக்கு அதிபதியாகிய படைத்தலைவனோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். தென்றல் மெதுவாக வீசியதும் புறப்பட்டார்கள், பின்னர் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றில் சிக்கினார்கள். பல நாட்கள் சூரியனோ நட்சத்திரங்களோ தென்படவில்லை. அப்போது தேவதூதன், கப்பல் சேதமாகும், ஆனால் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று பவுலுக்குச் சொல்கிறான். முன்னறிவிப்பு இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

அதன்பின் நடப்பதைக் கவனியுங்கள். 14ஆம் இரவில் மாலுமிகள், முன்னணியத்திலிருந்து நங்கூரம் போடப்போவதுபோல் பாவனை செய்து படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். எல்லாரும் பிழைப்பார்கள் என்று தேவனே சொல்லிவிட்டாரே, யார் ஓடினால் என்ன என்று பவுல் இருந்துவிடவில்லை. இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியை எச்சரிக்கிறார். போர்ச்சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிடுகிறார்கள். பிறகு அவர் அனைவரையும் சாப்பிட வைக்கிறார், கோதுமையைக் கடலில் எறிந்து கப்பலை இலேசாக்குகிறார்கள், விடிந்தபின் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்தும் கரை சேர்கிறார்கள். 276 பேரும் பிழைத்தார்கள். தேவனுடைய வாக்கு நிறைவேறிய வழி மாலுமிகளின் தொழில்திறனும் அறுக்கப்பட்ட கயிறும் உணவும் பலகைகளுமே. வழிநடத்துதல் என்றால் காதில் விழும் தனிச்செய்தி மட்டுமே என்று நம்பப் பழகியவர்களுக்கு இந்த அதிகாரம் பெரிய திருத்தம்.

அந்தியோகியா சபையும் இப்படியே நடந்தது. பஞ்சம் வரும் என்று அகபு என்னும் தீர்க்கதரிசி ஆவியினாலே அறிவித்தபோது, இது எந்தப் பாவத்தின் பலன் என்று சபை ஆராயவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பியது. மோசேயின் நியாயப்பிரமாணமோ புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்றும், எழுப்பாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்றும் சொல்கிறது. விழப்போகிறவனை முன்னறிகிற தேவன், சுவரைக் கட்டும்படி நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

சுமத்ராவுக்கு அருகே உள்ள சிமெலூ தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. 1907இல் அங்கே ஒரு பெரிய அலை வந்து பலரைக் கொன்றிருந்தது. நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்று அந்தத் தீவின் மூத்தவர்கள் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் அலைக்குப் பலியானவர்கள் 7 பேர் என்று பதிவாகியிருக்கிறது. அங்கே பெரும்பாலோர் இஸ்லாமியர். நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறவர், பாட்டிமார் வாயிலாகவும் காக்கிறார் என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். நம் கரைக்கு அந்த இரண்டு மணி நேரம் கையில் இருந்தும் சொல்ல ஆளில்லை. பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு 2004இல் ஒன்றும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல்தான் இயங்கத் தொடங்கியது. ஏன் எச்சரிக்கவில்லை என்ற கேள்வியில் ஒரு பகுதி தேவனை நோக்கியது, ஒரு பகுதி நம்மை நோக்கியது. இரண்டையும் குழப்பி முழுவதையும் தேவன்மேல் போடுவது மனிதர் செய்யத் தவறியதை மறைக்கும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விரைவாக உருவெடுத்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கன்னியாகுமரி மாவட்டக் கத்தோலிக்கக் கிராமங்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். அவர்களை எட்டும் தொடர்புக் கருவி இல்லை. அந்த ஊர் மக்கள் ஜெபமாலையோடு கடலைப் பார்த்து நின்றார்கள்; தேடுதலை விரைவுபடுத்தச் சொல்லிப் பங்குக் குருக்களோடு சேர்ந்து குழித்துறையில் ரயில் மறியலும் செய்தார்கள். ஜெபமும் மறியலும் ஒன்றுக்கொன்று முரண் என்று எவரேனும் நினைத்தால், பவுல் கப்பலில் செய்ததை அவர் இன்னொரு முறை வாசிக்கட்டும்.

ஆகவே ஜெபியுங்கள், குறிப்பாகக் கடலுக்குப் புறப்படுமுன் ஜெபியுங்கள். வானிலை மையம் போகவேண்டாம் என்று அறிவித்திருக்கும் நாளில், கர்த்தர் என்னைக் காப்பார் என்று படகை இறக்குவது விசுவாசம் அன்று. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் 91ஆம் சங்கீதத்தைக் காட்டிச் சொன்னதும், ஆண்டவர் அதை மறுத்ததும் இதைத்தான் காட்டுகின்றன. உங்கள் சபை டிசம்பர் 26 நினைவு ஆராதனையின் ஒழுங்கை இந்த ஆண்டு மாற்றி அமைக்கலாம். தனிநபர் சாட்சிகளை நிறுத்திவிட்டு, மாண்டவர்கள் பெயர்களை வாசியுங்கள், 46ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து சொல்லுங்கள், ஆராதனை முடிந்ததும் எந்த வழியாக எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகளை நடக்கவைத்துக் காட்டுங்கள். ஆலயத்தின் ஒலிபெருக்கியும் மணியும் எச்சரிக்கைக்குப் பயன்படும் என்றால், யார் எப்போது அடிப்பது என்பதை இப்போதே ஊர்க் கமிட்டியோடு பேசி முடிவுசெய்யுங்கள். உங்கள் அக்காவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், அந்தப் பெயர்களின் பட்டியலை எழுதும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.